மழை ஒரு மலையில்... பாசனம் மூன்று மாவட்டத்தில்! சேர்வராயன் மலையின் எல்லைக் கதை

'ஏற்காட்டுல மழை பேஞ்சாத்தான் எங்க அணைக்குத் தண்ணி. ஆனா, ஏற்காடு எங்க மாவட்டத்துல இல்ல. மலையை ஒரு பக்கமும் தண்ணியை ஒரு பக்கமும் பிரிச்சது யாரு?' தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயிகளிடம் பேசினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடிப் போனால் மலையின் அமைப்பு, கும்பெனி காலத்து வரி வசூல், மாவட்டப் பிரிவினை, சாதிச் சான்றிதழ், வன நிலப் பட்டா என்று எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. நம் பத்திரத்தில் எழுதியிருக்கும் ஜில்லா, தாலுகா பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

முகட்டில் ஒரு கோயில்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 'ஏரிக்காடு' என்பதே ஏற்காடு ஆனது என்பார்கள். அதற்கும் மேலே, 5,326 அடி உயரத்தில், மலையின் உச்சியில் பரந்த சமதளம். அங்கே குகைக்குள் குடியிருக்கிறார் சேர்வராயன். பக்கத்திலேயே காவேரி அம்மன். சேர்வராயன் மலைக்குச் சாமி, காவேரி ஆற்றுக்குச் சாமி என்பது மலை மக்களின் நம்பிக்கை. அந்தக் குகை வழியே போனால் காவிரி பிறக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்றும் சொல்வார்கள். ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றியிருக்கும் 67 மலைக்கிராமங்களும் திரண்டு வரும்.

ஏற்காடு தாலுகாவின் பரப்பு, காப்புக்காடுகளையும் சேர்த்து சுமார் 383 சதுர கிலோமீட்டர். மேற்கே தொப்பூர் கணவாய், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய். இரண்டுக்கும் நடுவில் தனித் திட்டாக எழுந்து நிற்கிறது இந்த மலை. அடியில் சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. உச்சியில் பாக்சைட் படிவு. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்குப் பல ஆண்டுகள் இங்கிருந்துதான் பாக்சைட் வெட்டிப் போனது. பாறைக்கு மேலே படிந்திருக்கும் மண்ணும், அதில் வேர்விட்டிருக்கும் சோலையும் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களும்தான் மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. சேலம் சமவெளியில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிய விஷயம். மலை மேலேயோ சுமார் 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. கீழே இருக்கும் நமக்கு அந்த மலை ஒரு மேல்நிலைத் தொட்டி மாதிரி.

ஒரே மழை, மூன்று ஆறு

வீட்டுக் கூரையில் விழும் மழை, முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் வாசலுக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் கொல்லைக்கு. மலையிலும் அதே கணக்குதான்.

வடக்குச் சரிவில் விழும் மழை வாணியாறாக இறங்குகிறது. அதை பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் முள்ளிக்காட்டில் 65.27 அடி உயர வாணியாறு அணை தேக்குகிறது. அங்கிருந்து ஏரிகளையும் வயல்களையும் தொட்டுவிட்டுத் தென்பெண்ணையில் கலந்து, சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடல் சேர்கிறது.

மஞ்சவாடிப் பக்கத்துச் சரிவில் பிறப்பது திருமணிமுத்தாறு. சேலம் மாநகரத்தின் நடுவே புகுந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் ஓடி, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. 

மேற்குப் பக்கத்து ஓடைகள் சரபங்கா நதியாக உருவெடுத்து, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி வழியாகப் போய்த் தேவூர்ப் பக்கம் காவிரியில் விழுகின்றன.

ஆக, ஒரே நாளில் ஒரே மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு காவிரியோடு பூம்புகாருக்குப் போகிறது. இன்னொரு பங்கு தென்பெண்ணையோடு கடலூருக்குப் போகிறது. இதைத் தீர்மானிப்பது மலையின் முகடு. அந்தக் கோடு திப்பு சுல்தான் காலத்தில் எங்கே இருந்ததோ, இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆட்சிகள் போட்ட கோடுகள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

நாடு, ஜில்லா, மிட்டா

மலை மேலே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரள மக்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் வாய்மொழிக் கதை. மூவரில் மூத்தவர் தங்கிய இடம் சேர்வராயன் மலை என்பார்கள். மலையைச் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கொரு பட்டக்காரர், ஊருக்கொரு ஊர்க்கவுண்டர் என்று வைத்திருந்தார்கள். வழக்கு தீர்ப்பது, திருவிழாவுக்கு நாள் குறிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த மலைக்கு முதலில் விழுந்த நிர்வாக எல்லை இதுதான். யாரும் தாளில் வரைந்ததில்லை. ஓடையும் கரடும்தான் அடையாளம்.

1792-ல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில், பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தன. முதல் கலெக்டராக வந்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ கேப்டன். அவருக்கு உதவியாளராக வந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநர் ஆனவர். இந்த இருவரும் இங்கேதான் நிலத்தை அளந்து, உழவர் ஒவ்வொருவரிடமும் நேரடியாக வரி வாங்கும் முறையை முதன்முதலில் நடத்திப் பார்த்தார்கள். அதுதான் ரயத்துவாரி. இன்று நம் கையில் இருக்கும் தனிப்பட்டா என்ற ஏற்பாட்டுக்கு வேர் இந்தச் சேலம் சீமையில்தான் இருக்கிறது.

ஆனால், 1802-ல் வந்த நிரந்தரத் தீர்வைச் சட்டத்தைத் தொடர்ந்து, இதே ஜில்லாவில் கிராமங்களை மொத்தம் மொத்தமாக ஏலம் விட்டார்கள். அந்தத் தொகுப்புக்கு 'மிட்டா' என்று பெயர், எடுத்தவர் மிட்டாதார். சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய பத்திரங்களில் 'மிட்டா கிராமம்' என்று எழுதியிருப்பது இதனால்தான். 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகே அந்த நிலங்கள் ரயத்துவாரிக்குத் திரும்பின.

மலை மேலே கதை வேறு மாதிரிப் போனது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியையும், பேரிக்காய் போன்ற பழ மரங்களையும் கொண்டுவந்தார். அதன்பின் எஸ்டேட்டுகள் பெருகின. சாமையும் ராகியும் விளைந்த மலையில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் வந்தன. ஓடையையும் கரட்டையும் எல்லையாக வைத்து வாழ்ந்த மக்களுக்குப் பக்கத்தில், சர்வே கல்லை எல்லையாகக் கொண்ட தோட்டங்கள் முளைத்தன. காப்புக்காடு அறிவிப்பு வந்ததும் வனத்துறையின் எல்லைக்கல்லும் சேர்ந்துகொண்டது. 

பிரிந்துகொண்டே போன சேலம்

வெள்ளைக்காரர் காலத்துச் சேலம் ஜில்லா ஓசூரிலிருந்து காவிரிக்கரை வரை நீண்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. 1911-ல் திருப்பத்தூர் தாலுகா வட ஆற்காட்டுக்குப் போனது. 1965 அக்டோபர் 2-ம் தேதி தருமபுரி தனி மாவட்டம் ஆனது. 1997 ஜனவரி 1-ம் தேதி நாமக்கல் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1965 வரை சேர்வராயன் மலையும், வாணியாற்றுப் பாசனப் பகுதியும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தன. அன்று அது அரூர் தாலுகா, சேலம் ஜில்லா. பிரிக்கும்போது தாலுகாக்களை வைத்துத்தான் கோடு போட்டார்கள். ஆற்றை வைத்துப் போடவில்லை. அதனால் மலை சேலத்தில் நின்றுவிட்டது, அணை தருமபுரிக்குப் போய்விட்டது. 1997-ல் திருமணிமுத்தாற்றுக்கும் இதே கதி. ஆறு பிறப்பதும் நகரத்தைக் கடப்பதும் சேலத்தில், கடைசிப் பாசனம் நாமக்கல்லில். மேலே சாக்கடையும் சாயக்கழிவும் கலந்தால், கீழே வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கிணற்றுக்காரர் தன் மாவட்டக் கலெக்டரிடம் மனு கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்து மாவட்டத்திலும் கதவைத் தட்ட வேண்டும்.

ஓட்டுக்கு இன்னொரு எல்லை இருக்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பது இரண்டே தொகுதிகள், மற்றது சேந்தமங்கலம். ஆனால் ஏற்காடு தொகுதி மலையோடு நிற்காமல் கீழே வாழப்பாடி வரை விரிகிறது. நாடாளுமன்றத்துக்கோ, அது சேலம் தொகுதியில் இல்லை. கள்ளக்குறிச்சித் தொகுதியில் இருக்கிறது. ஏற்காட்டுக்காரருக்குக் கலெக்டர் சேலத்தில், எம்.பி. கள்ளக்குறிச்சித் தொகுதிக்காரர், மலையிலிருந்து இறங்கும் ஓர் ஆற்றுக்கு அணை தருமபுரியில்!

ஒரு ஊர்ப் பெயரில் மாறும் வாழ்க்கை

'கோடு எங்கே இருந்தால் நமக்கென்ன?' என்று விட்டுவிட முடியாது. கோடு மனிதர்களை எப்படிப் பிரிக்கும் என்பதற்கு மலையாளி மக்களே சாட்சி.

பழங்குடிகள் யார் யார் என்று குடியரசுத் தலைவர் ஆணையில் ஒரு பட்டியல் உண்டு. அதில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்தப் பட்டியலில் நாமக்கல் என்ற பெயர் கிடையாது. ஆனால் கொல்லிமலை 1997 வரை சேலத்தில் இருந்ததால், அங்கே இருப்பவர்களுக்குச் சான்றிதழ் தொடர்ந்து கிடைக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பக்கம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கோ கிடைப்பதில்லை. காரணம், ஈரோடு பிரிவதற்கு முன் அந்த மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. அதே பெயர் கொண்ட மக்கள், அதே மலை விவசாயம். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் மட்டும் பழைய ஜில்லா எல்லையில் சிக்கி நிற்கின்றன. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பதால், பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இது நிலத்தையும் தொடுகிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினராக இருந்தால் 2005 டிசம்பர் 13-ம் தேதிக்கு முன்பிருந்து அந்த வன நிலத்தை அனுபவித்து வருவதைக் காட்டினால் போதும். 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். பழங்குடிச் சான்று இல்லாதவர்கள், அதே தேதிக்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்த வனத்தை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எழுத்துப் படிக்காத பாட்டன் காலத்துக்கு ஆதாரம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீருக்கு யாரிடம் போவது?

தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது; பலருக்கும் அது தெரிவதில்லை. தமிழக நீர்வளத்துறை மாவட்ட எல்லையை விட்டுவிட்டு, ஆற்று வடிநிலத்தை வைத்தே தன் அலுவலகங்களைப் பிரித்திருக்கிறது. சேலத்தில் மேல் காவிரி வடிநில வட்டம், நாமக்கல்லில் சரபங்கா வடிநிலக் கோட்டம், தருமபுரியில் மேல் பெண்ணையாறு வடிநிலக் கோட்டம் என்று பெயர்ப் பலகையிலேயே ஆறு இருக்கும். ஏரி, அணை, வாய்க்கால் சம்பந்தப்பட்ட மனுவைக் கலெக்டரின் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும்போதே, ஒரு பிரதியை உங்கள் ஆற்றுக்குரிய வடிநிலக் கோட்டத்தின் செயற்பொறியாளருக்கும் அனுப்புங்கள்.

பிரான்ஸ் நாட்டில் 1964-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாட்டையே ஆறு பெரிய ஆற்று வடிநிலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு வைத்தார்கள். தண்ணீர் எடுப்பவரும் கழிவு விடுபவரும் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் அதே ஆற்றுக்குச் செலவாகும். அந்த அமைப்பின் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு. நம்மிடம் வடிநில அலுவலகம் இருக்கிறது. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம்தான் இல்லை. ஏற்காட்டுத் தோட்டக்காரர், பாப்பிரெட்டிப்பட்டி ஆயக்கட்டுக்காரர், வெண்ணந்தூர்க் கிணற்றுக்காரர் மூவருக்கும் ஒரே மலைதான் முதலீடு. மலை மேல் ஒரு சோலை அழிந்தால், மூன்று மாவட்டத்திலும் கிணறு இறங்கும்.

இதைக் கேட்க ஒரு நல்ல நாள் மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். 'எங்கள் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஓடைகளையும் சோலைகளையும் காக்க வேண்டும்' என்று மூன்று மாவட்டத்து ஊராட்சிகளும் தீர்மானம் போட்டால், கோடு தாண்டிய குரலாக அது இருக்கும். ஏற்காடு ஒன்றியத்தின் நாகலூர், மாரமங்கலம், மஞ்சக்குட்டை, வாழவந்தி போன்ற ஊராட்சிகளின் தீர்மானத்தோடு கீழே இருக்கும் ஊராட்சிகளின் தீர்மானமும் சேர்ந்து போனால், அதிகாரிகள் அதைத் தனி ஊர்ப் பிரச்னை என்று ஒதுக்க முடியாது.

உங்கள் கேள்விக்குப் பதில்

'தாத்தா பெயரில் 1958-ம் ஆண்டுப் பத்திரம் இருக்கிறது. "சேலம் ஜில்லா, அரூர் தாலுகா" என்று எழுதியிருக்கிறது. இப்போது எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம். பத்திரம் செல்லுமா?'

தாராளமாகச் செல்லும். மாவட்டம் மாறினால் உரிமை மாறாது. புதிதாகப் பத்திரம் எழுதும்போது, சொத்து விவரத்தில் பழைய ஜில்லா, தாலுகா பெயரையும் இப்போதைய மாவட்டம், வட்டம் பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். சர்வே எண் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய எண்ணையும், பிந்தைய எண்ணையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, அ-பதிவேட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றுக்கு மனு போடும் முன், அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை மாறிய ஊர்களுக்கு இரண்டு அலுவலகத்திலும் தேட வேண்டியிருக்கும்.

'பத்திரத்தில் "மிட்டா" என்று இருக்கிறது. பட்டா கேட்டால் அலைக்கழிக்கிறார்கள். என்ன செய்வது?'

மிட்டா ஒழிந்தபோது நடந்த நிலவரித் திட்டத்தின் பதிவேட்டில் உங்கள் நிலம் யார் பெயரில், என்ன வகையாக ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்தப் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அது கையில் இல்லாமல் பட்டா மாறுதலுக்கு மனு போட்டால் காலம்தான் விரயமாகும்.

'மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?'

மலைப் பகுதிக்கு 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலம் என்றாலும், வெட்டும் முன் வனத்துறையிடம் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால், ஒப்படை ஆணையில் இருக்கும் நிபந்தனைகளைப் படிக்காமல் விற்கவோ வாங்கவோ கூடாது.

'வன உரிமை மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவ்வளவுதானா?'

இல்லை. கிராம சபை முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் மேல்மனு போடலாம். தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடும். பழங்குடிச் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மனுவோடு, உங்கள் மலை 1965-க்கும் 1997-க்கும் முன்பு எந்த ஜில்லாவில் இருந்தது என்பதைக் காட்டும் பழைய ஆவணம் ஏதாவது இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். பரணில் கிடக்கும் பழைய வரி ரசீதுகூட உதவும். எனவே, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!